அமெரிக்கக் கோர்ட்டில் அப்பீல்: கேட்டாலும் கேட்டீர்கள்!

போன இதழில் அமெரிக்கக் கோர்ட்டைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். தபால்காரர் முறைத்துக்கொண்டே ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். அமெரிக்காவில் பிள்ளையோ மாப்பிள்ளையோ இல்லாத தெருவே நம் ஊரில் இல்லை போலிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அதுதான். சமையல் குறிப்பு கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும்.

ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்: அமெரிக்காவிலும் கோர்ட் அமைப்பு நம்மைப் போலத்தானே?

நமக்கு முன்சீப் கோர்ட்டில் ஏறினால் டெல்லி வரை ஒரே தடம். அங்கே 50 மாநிலத்துக்கு 50 தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சட்டம், சொந்த ஜட்ஜ், சொந்த உச்ச நீதிமன்றம். பக்கத்திலேயே ஃபெடரல் அரசின் வரிசை வேறு. தலைநகர் வாஷிங்டனுக்கும் தன் பங்குக்கு ஒன்று. எந்த வாசலில் நுழைவது என்று கட்சிக்காரருக்குச் சொல்வதற்கே வக்கீல் ஒரு பில் போடுவார்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: ஃபெடரல் வரிசையில் எத்தனை படி?

மூன்று. கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 அப்பீல் கோர்ட்டுகள் (சர்க்யூட் என்பார்கள்), உச்சியில் 9 பேர்.

நடுப்படி ஒழுங்காக அமைந்தது 1891-ல்தான். அதற்கு முன் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்க வேண்டும். கீழே தான் சொன்ன தீர்ப்பை மேலே அப்பீலில் தானே கேட்கிற கூத்தும் நடந்தது. தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கும் மகான்கள் எந்த ஊரிலும் குறைவு.

ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு: எந்த வழக்கு எந்தப் பக்கம் போகும்?

விவாகரத்து, வாடகைத் தகராறு, வாய்க்கால் வரப்பு, பெரும்பாலான கொலை கொள்ளை எல்லாம் மாநிலக் கோர்ட்டுக்கு. ஃபெடரல் சட்டம், அரசியல் சாசனம், ஃபெடரல் அரசே கட்சிக்காரராக இருப்பது இவையெல்லாம் அந்தப் பக்கம்.

இன்னொரு வழியும் உண்டு. வாதி ஒரு மாநிலம், பிரதிவாதி வேறு மாநிலம், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் ஃபெடரல் கோர்ட் கதவைத் திறக்கும். சரியாக 75,000 என்றால் திறக்காது. ஒரு சென்ட்டாவது கூடப் போட்டுக் கேளுங்கள்.

மாப்பிள்ளையின் மாமனார், திருச்சி: எங்கள் மாப்பிள்ளை நியூ யார்க் சுப்ரீம் கோர்ட்டிலேயே ஜெயித்துவிட்டார். இனி கவலை இல்லைதானே?

சர்க்கரைப் பொங்கலைத் தள்ளிப் போடுங்கள். நியூ யார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது கீழே இருக்கும் விசாரணைக் கோர்ட். அதற்கு மேலே அப்பெலட் டிவிஷன். எல்லாவற்றுக்கும் மேலே, ஆல்பனியில், கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். உங்கள் மாப்பிள்ளை முதல் படியில் நின்று கை அசைத்துக்கொண்டிருக்கிறார்.

மேரிலாந்திலும் உச்சிக் கோர்ட்டுக்குக் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் என்றுதான் பெயர் இருந்தது. 2022-ல் மக்கள் ஓட்டுப் போட்டு சுப்ரீம் கோர்ட் ஆக்கிக்கொண்டார்கள். நியூ யார்க்காரர்களுக்கு அடுத்தவர் குழம்புவதில் ஒரு சந்தோஷம்.

அரசியல் ஆர்வலர், விருதுநகர்: டெக்ஸாஸில் இரண்டு உச்ச நீதிமன்றமாமே?

ஆமாம். சிவிலுக்கு ஒன்று, கிரிமினலுக்கு ஒன்று. ஓக்லஹோமாவிலும் இப்படித்தான். டெக்ஸாஸில் இரண்டு கோர்ட்டின் நீதிபதிகளும் கட்சிச் சீட்டில் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். வழக்கில் தோற்றவருக்கு அங்கே அப்பீல் உண்டு. தேர்தலில் தோற்ற ஜட்ஜுக்கு இல்லை.

சினிமா ரசிகர், சேலம்: அப்பீலில் கடைசி நிமிஷத்தில் ஒரு புதுச் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினால்?

வாட்ச்மேன் வெளியே நிறுத்துவார். அப்பீல் கோர்ட்டில் சாட்சிக் கூண்டும் கிடையாது, ஜூரியும் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் பதிவான காகிதம் மட்டும்தான். மூன்று ஜட்ஜ் உட்கார்ந்து படிப்பார்கள். வாதம் கேட்டால் தரப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். பல வழக்குகளில் அதுவும் கேட்பதில்லை.

சிவாஜி வசனம் பேச நேரமில்லை. ஜெமினி அளவுக்குச் சிரித்துவிட்டு வரலாம்.

கிரிக்கெட் பைத்தியம், சேப்பாக்கம்: புதுச் சாட்சியும் இல்லை, ஜூரியும் இல்லை என்றால் அங்கே எதைத்தான் பார்க்கிறார்கள்?

உங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மூன்றாவது அம்பயரிடம் போனாலும் பந்து ஸ்டம்பை லேசாக உரசுகிற மாதிரி இருந்தால், களத்தில் நின்றவர் சொன்னதே நிற்கும். அப்பீல் கோர்ட்டும் அப்படி. சட்டத்தைப் பற்றிய கேள்வியா? புதிதாக, முதலிலிருந்து பார்ப்பார்கள். யார் பொய் சொன்னார், யார் மெய் சொன்னார் என்பதா? சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் ஜட்ஜ்தான், அவர் சொன்னதைச் சுலபத்தில் தொட மாட்டார்கள்.

எவ்வளவு தப்பாக இருந்தால் தொடுவார்கள்? சிகாகோவில் இருக்கும் ஏழாவது சர்க்யூட் கோர்ட் 1988-ல் ஓர் அளவுகோல் சொன்னது. கீழ்க்கோர்ட் முடிவு தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகமெல்லாம் போதாது. ஐந்து வாரம் ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்ட செத்த மீன் மாதிரி நாற வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். காசிமேட்டுக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒரே சட்டக் கோட்பாடு இது.

வக்கீல் குமாஸ்தா, கோவை: மனு எத்தனை பக்கம் இருக்கலாம்?

ஃபெடரல் அப்பீலில் முதல் வாதுரைக்கு 13,000 வார்த்தை உச்சவரம்பு. இந்தப் பகுதியைப் போலப் பல மடங்கு, நகைச்சுவை கழித்து. அப்பீல் போட்டவருக்கு நீல அட்டை, எதிர்த்தரப்புக்குச் சிவப்பு, பதிலுக்குப் பதில் போட்டால் சாம்பல். உள்ளே படிக்காவிட்டாலும் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒரு தாய், கடலூர்: விசாரணையில் ஜட்ஜ் தப்புச் செய்தார் என்று அப்பீல் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தண்டனை மாறவில்லை. இது என்ன நியாயம்?

இரண்டு இடத்தில் வழுக்கும் அம்மா. முதலாவது, தப்பு நடந்த நொடியில் உங்கள் வக்கீல் எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டும். அப்போது மௌனமாக இருந்துவிட்டு மாடியில் போய்க் கத்தினால் பெரும்பாலும் காதில் விழாது.

இரண்டாவது, தப்பு நடந்திருந்தாலும் அது இல்லாமலே தண்டனை வந்திருக்கும் என்று தோன்றினால் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் தீங்கில்லாத பிழை. யாருக்குத் தீங்கில்லை என்று கேட்கிறீர்களா? ஜெயிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு.

போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர், வேலூர்: குற்றவாளி விடுதலையாகிவிட்டால் அரசு அப்பீல் போகுமா?

நம் ஊரில் போகலாம். அங்கே முடியாது. ஜூரி "குற்றமில்லை" என்று சொன்னால் சொன்னதுதான். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை ஒருவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தடுக்கிறது.

ஆனால் ஒரு ஓட்டை. மாநிலம் வேறு அரசு, ஃபெடரல் வேறு அரசு, ஆகவே இருவரும் தனித்தனியாக வழக்குப் போடலாம். 1991-ல் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங்கை நாலு போலீஸார் அடித்த வீடியோவை உலகமே பார்த்தது. 1992-ல் மாநில ஜூரி ஒருவரையும் தண்டிக்கவில்லை. ஊர் பற்றி எரிந்தது. அதே நாலு பேர் மேல் ஃபெடரல் அரசு வழக்குப் போட்டது. 1993-ல் இருவர் உள்ளே போனார்கள். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அடைக்க மாட்டோம் என்று 2019-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் மாமனார், திருச்சி (மறுபடியும்): எதிர்த்தரப்பு எத்தனை நாளைக்குள் அப்பீல் போட வேண்டும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சும்மாதானே? சரி. ஃபெடரல் சிவில் வழக்கில் 30 நாள். ஃபெடரல் அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. கிரிமினலில் தண்டிக்கப்பட்டவருக்கு 14. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்: நியூ ஜெர்ஸியில் 45, கலிஃபோர்னியாவில் 60. அரசு இருக்கும் வழக்கில் மட்டும் இரட்டிப்பு நாள் ஏன் என்கிறீர்களா? அரசு எந்த நாட்டில் வேகமாக நடந்திருக்கிறது?

பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்: ஒரு நாள், இரண்டு நாள் தாமதத்தை மன்னிக்க மாட்டார்களா?

டீச்சர், இந்தக் கதையை வகுப்பில் சொல்லுங்கள். ஓஹையோ சிறையில் கீத் போல்ஸ் என்று ஒரு கைதி. அப்பீல் போட அவருக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார் ஃபெடரல் ஜட்ஜ். சட்டப்படி கொடுக்கக் கூடியது 14 நாள். ஜட்ஜ் கணக்குத் தப்பி 17 நாள் என்று உத்தரவு எழுதிவிட்டார்.

போல்ஸ் நல்ல பிள்ளையாக, ஜட்ஜ் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பே மனுப் போட்டார். 14 நாள் கணக்கில் பார்த்தால் இரண்டு நாள் தாமதம்.

2007-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது: கெடு நாடாளுமன்றம் போட்டது, அதை நீட்ட எந்த ஜட்ஜுக்கும் அதிகாரமில்லை, மனு செல்லாது. ஜட்ஜின் உத்தரவை நம்பியது கைதியின் குற்றம். மாறுபட்ட நாலு பேர், கோர்ட்டே ஆளை ஏமாற்றுவதா என்று கொதித்தார்கள். கொதித்து என்ன, ஐந்து நாலைவிடப் பெரியது. கணக்கில் கோட்டை விட்டவர் ஜட்ஜ், ஃபெயில் ஆனவர் போல்ஸ்.

ஃபைனான்ஸ் கம்பெனி மேலாளர், நாமக்கல்: அப்பீல் முடியும் வரை பணம் கட்டாமல் இழுக்கலாமா?

இழுக்கலாம், ஈடு கட்டினால். அந்த ஈட்டிலேயே மூழ்கிய கம்பெனி உண்டு.

1985-ல் ஹூஸ்டன் ஜூரி, டெக்ஸகோ எண்ணெய்க் கம்பெனி பென்ஸாயிலுக்கு 1,053 கோடி டாலர் தர வேண்டும் என்றது. டெக்ஸாஸ் சட்டப்படி, வசூலை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகைக்கே பிணை கட்ட வேண்டும். அவ்வளவு பெரிய பிணைக்கு எங்கே போவது? டெக்ஸகோ நியூ யார்க் ஃபெடரல் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கியது.

மாநிலக் கோர்ட் விவகாரத்தில் ஃபெடரல் கோர்ட் மூக்கை நுழைத்தது தப்பு என்று 1987 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியது. ஆறாம் நாள் டெக்ஸகோ மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கடைசியில் 300 கோடி டாலருக்கு சமரசம். மீதியில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தியது அப்பீல் இல்லை, திவால்.

ஊராட்சித் தலைவர், சிவகங்கை: மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றால் வாஷிங்டன் போகலாமா?

அரசியல் சாசனமோ ஃபெடரல் சட்டமோ வழக்கில் இருந்தால்தான். வெறும் மாநிலச் சட்டம் என்றால் மாநில உச்ச நீதிமன்றமே கடைசி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கே ஒரு சண்டை நடந்தது. ஒரு பெரிய நில வழக்கில் வாஷிங்டன் சொன்ன தீர்ப்பை, "நீ யார் எனக்குச் சொல்ல?" என்று வர்ஜினியாவின் உச்சிக் கோர்ட் தூக்கிப் போட்டது. ஃபெடரல் கேள்வி இருந்தால் எங்கள் சொல்தான் கடைசி என்று 1816-ல் உச்ச நீதிமன்றம் ஓங்கிச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டோரி. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஏன் எழுதவில்லை? வழக்குக்குள்ளான நிலத்தில் அவருக்கும் அவர் தம்பிக்கும் பங்கு இருந்தது. அப்போதே ரியல் எஸ்டேட்!

ஜூனியர் வக்கீல், திருநெல்வேலி: அப்படியானால் பக்கத்திலிருக்கும் ஃபெடரல் மாவட்ட கோர்ட்டில் போய் மாநிலத் தீர்ப்பை மாற்றச் சொன்னால்?

அந்தக் குறுக்குச் சந்தை 1923-லும் 1983-லும் இரண்டு பூட்டுப் போட்டு மூடிவிட்டார்கள் தம்பி. சிறையில் இருப்பவருக்கு மட்டும் ஆட்கொணர்வு மனு என்று ஒரு ஜன்னல். அதற்கும் முதலில் மாநிலப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி விழுந்திருக்க வேண்டும். 1996-ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் ஜன்னலுக்கு ஒரு வருஷக் கெடு வைத்தது. ஜன்னலில் கம்பியும் நெருக்கமாகிவிட்டது.

டீக்கடைக்காரர், பழனி: பத்து டாலர் வழக்கெல்லாம் உச்ச நீதிமன்றம் போகுமா அண்ணாச்சி?

போயிருக்கிறது. அதுவும் நடுவில் எங்கேயும் நிற்காமல்.

1959 ஜனவரி, கென்டக்கி மாநிலம் லூயிவில். சாம் தாம்ஸன் என்ற கறுப்பினத்தவர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கடையில் இசைக்குத் தானாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து, இங்கே வெட்டியாக நிற்கிறாய் என்று பிடித்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்கீனம் என்று இன்னொரு கேஸ். தலா 10 டாலர் அபராதம்.

20 டாலருக்குக் குறைந்த அபராதத்துக்குக் கென்டக்கியில் அப்பீலே கிடையாது. அப்படியானால் இந்த வழக்குக்கு மாநிலத்தின் உச்சபட்சக் கோர்ட் எது? அந்த போலீஸ் கோர்ட்தான்! அடுத்த படி வாஷிங்டன். 1960-ல், குற்றத்துக்குத் துளி ஆதாரமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையைத் தூக்கி எறிந்தது. 25 டாலர் அபராதம் போட்டிருந்தால் மாநிலத்துக்குள்ளேயே பல வருஷம் சுற்ற விட்டிருக்கலாம். கஞ்சத்தனம் காட்டிக் கொடுத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன், ஓசூர்: வக்கீல் வைக்கக் காசில்லாதவன் என்ன செய்வது?

பென்சில் வாங்கலாம். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் வாங்கினார்.

ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துச் சில்லறை திருடியதாகக் கேஸ். வக்கீல் கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார் ஜட்ஜ். தானே வாதாடினார், தானே தோற்றார், ஐந்து வருஷம். சிறைக்குள்ளிருந்து கோடு போட்ட தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். அவருக்காக வாதாட உச்ச நீதிமன்றம் நியமித்த வக்கீல் ஏப் ஃபோர்ட்டஸ், சில வருஷத்திலேயே அதே கோர்ட்டில் நீதிபதியாகி உட்கார்ந்தார்.

1963 மார்ச்சில் ஒன்பது பேரும் ஒரே குரலில்: பெரிய குற்றச்சாட்டில் ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும். மறுவிசாரணையில் இந்த முறை வக்கீலோடு போனார் கிடியன். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி விடுவித்தது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பு, முதல் அப்பீலுக்கும் இலவச வக்கீல் என்றது. அதற்கு மேற்பட்ட படிகளுக்கு அந்த உரிமை இல்லை என்று 1974-ல் சொன்னார்கள். அங்கே போக வேண்டுமானால், பென்சில்.

வங்கி ஊழியர், தூத்துக்குடி: உச்ச நீதிமன்றம் வருகிற மனு எல்லாவற்றையும் கேட்குமா?

ஆயிரக்கணக்கில் வருகிறது. ஆண்டுக்கு 60 சொச்சம் வழக்கில்தான் வாதம் கேட்கிறார்கள். ஒன்பதில் நாலு பேர் கை தூக்கினால் உள்ளே. இல்லாவிட்டால் ஒரு வரியில் தள்ளுபடி, காரணம் சொல்ல மாட்டார்கள்.

இது பெரும்பாலும் 1925-ல் வந்த ஏற்பாடு. அதற்காக நாடாளுமன்றத்தில் நடையாய் நடந்தவர் தலைமை நீதிபதி டாஃப்ட். அவர் முன்னாள் ஜனாதிபதியும்கூட. எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்று தெரிந்தவர், தன் கதவை மட்டும் பார்த்துத் திறக்கும்படி செய்துகொண்டார்.

ஐ.ஏ.எஸ். பயிற்சி மாணவி, தருமபுரி: அந்த 60-க்குள் வர என்ன தகுதி?

உங்களுக்கு அநீதி நடந்தது என்பது பெரிய தகுதி இல்லை. இரண்டு அப்பீல் கோர்ட்டுகள் ஒரே சட்டத்துக்கு எதிரெதிர் அர்த்தம் சொன்னால் வாய்ப்பு அதிகம்.

ஒருபாலினத் திருமணத்தைப் பாருங்கள். வந்த மனுக்களை 2014 அக்டோபரில் தொடாமல் தள்ளியது உச்ச நீதிமன்றம். அதுவரை அப்பீல் கோர்ட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பேசிக்கொண்டிருந்தன. அடுத்த மாதமே ஆறாவது சர்க்யூட் எதிர்ப்பக்கம் திரும்பியது. ஜனவரியில் மனுவை எடுத்தார்கள், 2015 ஜூன் 26 அன்று நாடு முழுக்கச் செல்லும் என்று 5-க்கு 4-ல் தீர்ப்பு. சம்பந்திகள் சண்டை போட்டால்தான் பெரியவர் வாய் திறப்பார்.

லாட்டரி நினைவுகளுடன் ஒருவர், பாலக்காடு எல்லை: மூன்று ஜட்ஜ் சொன்ன தீர்ப்பு பிடிக்காவிட்டால் அதே அப்பீல் கோர்ட்டில் மறுபடி கேட்கலாமா?

முழு அமர்வு கேட்கலாம், அபூர்வமாகக் கிடைக்கும். கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா, ஹவாய் வரை ஆளும் ஒன்பதாவது சர்க்யூட்டில் 29 நீதிபதி இடங்கள். அத்தனை பேருக்கும் ஒரே மேடையா? தலைமை நீதிபதியோடு பத்துப் பேரைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். முழு அமர்வு என்று பெயர், உட்காருவது 11 பேர். உங்கள் பழைய தொழில் அங்கே சட்டபூர்வமானது.

பெருமைப்பட ஆசைப்படுபவர், பாளையங்கோட்டை: அப்பீல் கோர்ட்டில் நம்மவர் யாரும் உண்டா?

உங்கள் ஜில்லாதான். ஸ்ரீ சீனிவாசன். சண்டிகரில் பிறந்து கான்ஸஸில் வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 2013-ல் செனட் 97-க்கு 0 என்று அங்கீகரித்தது. 2020-ல் வாஷிங்டன் டி.சி. சர்க்யூட்டின் தலைமை நீதிபதியானார். ஃபெடரல் அரசுத் துறைகளின் குடுமி பெரும்பாலும் அந்தக் கோர்ட்டில்தான். அல்வா அனுப்பிவிடாதீர்கள், பரிசு வாங்கினார் என்று அதற்கொரு கேஸ் வரும்.

ரயில்வே ஊழியர், அரக்கோணம்: ஃபெடரல் கோர்ட் மாநிலச் சட்டத்தைப் பார்க்குமா?

உங்கள் துறைக் கதையே இருக்கிறது. 1934-ல் பென்ஸில்வேனியாவில் தண்டவாளத்தை ஒட்டி இரவில் நடந்துபோன டாம்ப்கின்ஸ் என்பவரின் வலது கையை ஈரி கம்பெனி ரயில் பறித்தது. மாநிலச் சட்டப்படி அவருக்குக் கிடைப்பது சந்தேகம். நியூ யார்க் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். அங்கே பொதுவான ஃபெடரல் நியதி என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. ஜூரி 30,000 டாலர் கொடுத்தது.

1938-ல் உச்ச நீதிமன்றம், 96 வருஷமாக இருந்த அந்த நியதியையே ஒழித்தது. இப்படிப்பட்ட வழக்கில் மாநிலச் சட்டம்தான் பேச வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால் அதை ஒழிக்கச் சொல்லி இரண்டு தரப்பில் யாருமே கேட்கவில்லை. டாம்ப்கின்ஸுக்குக் கை போனது ரயிலில், காசு போனது கோர்ட்டில்.

முன்னாள் கைதி, ஊர் வேண்டாம்: அப்பீலில் ஜெயித்தால் விடுதலைதானே?

பெரும்பாலும் மறுவிசாரணைதான். கைதாகும்போது போலீஸ் உரிமைகளை வாசிக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற 1966 தீர்ப்பு எர்னஸ்டோ மிராண்டாவுடையது. ஜெயித்தவர் மறுவிசாரணையில் மறுபடி தண்டிக்கப்பட்டார். வெளியே வந்து 1976-ல் ஒரு மதுக்கடைச் சண்டையில் குத்துப்பட்டு இறந்தார். பிடிபட்ட ஆளுக்குப் போலீஸ் முறைப்படி மிராண்டா உரிமைகளை வாசித்துக் காட்டியது.

மிஸிஸிப்பியில் கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் கதை இதைவிடக் கசப்பு. ஒரே கொலை வழக்கு, ஒரே அரசு வக்கீல், ஆறு விசாரணை. முதல் மூன்று தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஜூரிக்குள் ஒத்துப்போகவில்லை. ஆறாவதை 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து கழித்துக்கட்டினார்கள் என்பதற்காக. 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது. உள்ளே போனது 20 வருஷத்துக்கு மேல். அந்த அரசு வக்கீலுக்குக் கோர்ட் ஒரு நாள் தண்டனைகூடத் தரவில்லை.

அவசரக்காரர், சென்னை: அதிவேக அப்பீல் எது? ஆமை எது?

2000 டிசம்பர் 8, ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் ஓட்டை மறுபடி எண்ணச் சொன்னது. 9-ல் வாஷிங்டன் தடை. 11-ல் வாதம். 12-ல் தீர்ப்பு. 5-க்கு 4-ல் புஷ் ஜனாதிபதி.

ஆமைக்கு அலாஸ்கா வாருங்கள். 1989-ல் எக்ஸான் கப்பல் கடலில் எண்ணெய் கொட்டியது. 1994-ல் ஜூரி போட்ட தண்டத் தொகை 500 கோடி டாலர். அப்பீல் கோர்ட்டில் அது 250 கோடியானது. 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் 50 கோடி சொச்சம். வெள்ளை மாளிகைக்கு நாலு நாள், மீனவருக்குப் பத்தொன்பது வருஷம்.

பட்டிமன்றப் பேச்சாளர், புதுக்கோட்டை: உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நிறையப் பேசுவார்களா?

வக்கீலுக்குத் தரப்புக்கு அரை மணி, பாதியை ஜட்ஜுகள் கேள்வி கேட்டே தின்றுவிடுவார்கள். விதிவிலக்காக இருந்தவர் நீதிபதி தாமஸ். 2006-லிருந்து 2016 வரை பத்து வருஷம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்களால் பத்து நிமிஷம் முடியுமா?

அவநம்பிக்கைவாதி, காரைக்குடி: உச்ச நீதிமன்றம் தப்பே செய்யாதா?

1953-ல் நீதிபதி ராபர்ட் ஜாக்ஸன் உள்ளிருந்தே பதில் சொல்லிவிட்டார். நாங்கள் தப்பு செய்யாதவர்கள் என்பதால் கடைசிச் சொல் எங்களிடம் இல்லை, கடைசிச் சொல் எங்களிடம் இருப்பதால்தான் நாங்கள் தப்பு செய்யாதவர்கள் என்ற பொருளில். இதைவிட நேர்மையான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் பதிவானதாக நான் கேட்டதில்லை.

தோற்றவர், ஊர் எதுவானால் என்ன: உச்ச நீதிமன்றத்திலும் தோற்றாயிற்று. அப்புறம்?

மறுபரிசீலனைக்கு 25 நாள் உண்டு, அனேகமாகப் பிரயோஜனமில்லை. மிச்சம் நாடாளுமன்றம்.

அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் வேலை பார்த்தவர் லில்லி லெட்பெட்டர். தன்னோடு வேலை பார்த்த ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று வெகுகாலம் கழித்து யாரோ எழுதிவைத்த துண்டுச் சீட்டில் தெரிந்துகொண்டார். ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. சட்ட உச்சவரம்பைக் காட்டி ஜட்ஜ் அதை 3 லட்சத்து 60 ஆயிரமாக்கினார். அப்பீல் கோர்ட் அதையும் துடைத்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ல் சொன்னது: சம்பளம் நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். தெரியாமலே இருந்த விஷயத்துக்கு!

நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. ஒவ்வொரு குறைந்த சம்பளச் சீட்டு வரும்போதும் கெடு புதிதாக ஆரம்பிக்கும் என்று ஆனது. 2009 ஜனவரி 29 அன்று ஒபாமா ஜனாதிபதியாகக் கையெழுத்திட்ட முதல் சட்டம் அது, லெட்பெட்டர் பெயரிலேயே. வழக்குப் போட்ட அவருக்கு அந்தத் தொகையில் ஒரு டாலர்கூட வரவில்லை.